பட்டர்வொர்த் வரை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வீரம்மாவைப் போல ஊர் சுற்றிய பொம்பளை கிடையாது என்று ஒரு பேச்சு உண்டு. பேச்சில் பொய்யில்லை. கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் சிங்கப்பூருக்கு ஆறு தடவை, தும்பாட்டுக்கு நாலு தடவை, தாய்லாந்து எல்லையில் பாடாங் பெசாருக்கு மூன்று தடவை, பட்டர்வொர்த்துக்குப் பத்து தடவை அவள் போய்வந்திருக்கிறாள். மீதி வருஷங்களைப் பிள்ளைப்பேறும் அம்மையும் எடுத்துக்கொண்டன. ஆனால் சிங்கப்பூரில் அவள் பார்த்தது ஸ்டேஷன் கூரையை. தும்பாட்டில் கடல் பக்கத்திலேயே இருந்தது. அவள் பார்த்தது எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டுவதை.

காரணம் அவளுடைய புருஷன் நாகையா. கோலாலம்பூர் ஸ்டேஷன் பார்சல் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. பகல் முழுக்க ரயிலின் மூக்கடியில் வேலை பார்த்துவிட்டு, லீவு கிடைத்ததும் ரயிலில் ஏறி உட்காரும் மனுஷன். உத்தியோகத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு போக இலவச ரயில் பாஸ் கிடைக்கும். மற்றவர்கள் அதை வைத்துக்கொண்டு ஓர் ஊருக்குப் போவார்கள். நாகையா ரயிலில் போவார். ஊர் என்பது ரயில் மூச்சு வாங்குகிற இடம், அவ்வளவுதான். அடுத்த ரயிலில் திரும்பிவிடுவார்.

இரவு மெயிலில் ஏறினால் தூங்கவும் விடமாட்டார். கோலகங்சாருக்கு முன்னால் பேராக் ஆற்றுப் பாலம் வரும்போது அவள் தோளைத் தட்டி, "கேளு, சத்தம் மாறுது பாரு" என்பார். வீரம்மா கண்ணைத் திறக்காமலே "ம்" என்பாள். திரும்பி வரும்போது பகல் ரயில். புக்கிட் மேரா ஏரி, சுரங்கம், அதே பாலம் என்று ஒவ்வொன்றையும் இன்றைக்குத்தான் கட்டி முடித்த மாதிரி காட்டுவார். பஸ் என்றாலே அவருக்கு ஆகாது. "லோரிக்கு சீட்டு மாட்டி வச்சிருக்கான்" என்பார்.

இதில் மாட்டிக்கொண்டவர் பினாங்கு தண்ணீர்மலை முருகன்.

எழுபத்து மூன்றாம் வருஷம் மகன் வேலாயுதத்துக்கு மூன்று வயசு. காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தான். இரண்டு நாள் போகட்டும், பார்ப்போம் என்றார் டாக்டர். வராந்தாவில் உட்கார்ந்து வீரம்மா யோசித்தாள். பக்கத்திலேயே பத்துமலை முருகன் கோயில் இருந்தது. ஆனால் பத்துமலைக்கென்று சொன்னால் இந்த மனுஷன் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போடுவார். நீண்ட ரயில் பயணம் என்றால் விழுந்தடித்துக்கொண்டு கிளம்புவார். ஆகவே தண்ணீர்மலையானிடம், பிள்ளை பிழைத்தால் உன் சன்னிதியில் மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்தான். தன் சாமர்த்தியத்தை நினைத்து அவளுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அவள் கணக்கில் விட்டுப்போனது கடல். தண்டவாளம் பட்டர்வொர்த்தில் முடிந்துவிடும். அங்கிருந்து பினாங்குத் தீவுக்கு ஃபெரி ஏற வேண்டும். ஃபெரி ரயில் இல்லை.

காலையில் மெயில் போய்ச் சேரும். பகல் ரயில் கிளம்ப இரண்டு மணி நேரம்கூட இருக்காது. "மலை ஏறி எறங்க நேரம் பத்தாதுலா" என்பார் நாகையா. ஒரு நாள் தங்கலாமே என்றால், பகல் ரயிலை யார் பார்ப்பது என்பார். நாளைக்கும் இதே ரயில்தானே வரும் என்றால், "நாளைக்கு வர்றது நாளைய ரயிலு" என்பார். ஒரு வருஷம் அவள் தூண்டில் போட்டுப் பார்த்தாள்.

"ஏங்க, பினாங்குக் கொடிமலைக்கு ரயிலு ஏறுதாமே?"

"கயித்துல கட்டி இழுக்கறதெல்லாம் ரயிலா? அது லிப்ட்டு."

இருபத்தொரு வருஷம் இப்படியே ஓடியது. பக்கத்து வீட்டு இராஜம்மா ஒவ்வொரு தடவையும் வேலியோரம் வந்து, "உனக்கென்னடி, மகாராணி. பினாங்குல என்ன வாங்குன?" என்று கேட்பாள். பட்டர்வொர்த் ஸ்டேஷன் கடையில் வாங்கிய ஜாதிக்காய் பொட்டலத்தை வீரம்மா நீட்டுவாள். பினாங்கை அவள் கடலுக்கு இந்தப்பக்கம் நின்றுதான் பார்த்திருக்கிறாள் என்று யாரிடம் சொல்வது? சொன்னால் புருஷனைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவரைப் பார்த்துச் சிரிக்கும் உரிமையை அவள் யாருக்கும் கொடுக்கத் தயாராக இல்லை.

தொண்ணூற்று நாலாம் வருஷம் நாகையாவுக்கு ரிடயர்மென்ட் வந்தது. கையில் கடைசிப் பாஸ். வீரம்மா காஜாங்கில் வேலை பார்க்கும் மகனுக்குப் போன் போட்டாள்.

"வேலு, இந்தத் தடவை நீயும் வாடா. மொட்டையை முடிச்சுடலாம்."

"அம்மா, எடுக்கறதுக்கு என்னம்மா இருக்கு?" என்றான் மகன். அதுவும் நிஜம். இருபத்துநாலு வயசிலேயே அவனுக்கு நெற்றி உச்சந்தலை வரை ஏறிவிட்டது. காத்திருந்து பார்த்த முருகன், சேர வேண்டியதைத் தானே வசூலித்துக்கொண்டாரோ என்னவோ. வீரம்மாவுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இந்தப் பாஸும் போனால் கடன் அவள் தலையோடு நின்றுவிடும்.

மகன் வரவில்லை. இரண்டு பேரும் பட்டர்வொர்த்தில் இறங்கி டீ குடித்தார்கள். நாகையா வழக்கம்போல நோட்டுப் புத்தகத்தில் எழுதினார்: பதினோரு நிமிஷம் லேட். வீரம்மா டம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள்.

"நான் ஃபெரி ஏறப் போறேங்க."

"ரயிலு?"

"ரயிலு உங்களுக்கு. நான் அப்புறமா வரேன்."

அவர் சிரித்தார். அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டியதும் சிரிப்பு நின்றது. ஃபெரித் துறைக்குப் போகும் நடைபாலத்தின் நடுவில் ஒரு தடவை அவள் திரும்பிப் பார்த்தாள். நாகையா கீழே நின்று அவளைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். அவளுக்கு அது போதுமாக இருந்தது. நெஞ்சு வலிக்கத்தான் செய்தது, ஆனால் கால் நிற்கவில்லை.

மலையில் நாவிதர் கத்தியைத் துடைத்துக்கொண்டே, "பிள்ளை எங்கம்மா?" என்று கேட்டார்.

"பிள்ளைக்குத்தான் வேண்டுதல். தலை என்னோடது" என்று சொல்லி வீரம்மா உட்கார்ந்தாள். இடுப்பு வரை இருந்த முடி. அது மடியில் விழ விழ அவளுக்கு அழுகை வந்தது. எல்லாம் விழுந்து முடிந்ததும் சிரிப்பு வந்தது. கடற்காற்று மண்டையில் நேராகப் பட்டது. இருபத்தொரு வருஷமாக யாரோ அழுத்திப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்ட மாதிரி இருந்தது.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் பிரிக்பீல்ட்ஸ் வந்து சேர்ந்தாள். நாகையா கதவைத் திறந்தார். அவளுடைய தலையைப் பார்த்தார், சந்தனத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார்.

"எதுல வந்தே?"

"பஸ்ல."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மொட்டையைக்கூடத் தாங்கியிருப்பார்.

"எத்தனை மணி நேரம்?"

"அஞ்சரை."

பகல் ரயிலைவிடக் குறைவு. அவர் எழுந்து வந்து, ஒரு விரலால் அவள் தலையைத் தொட்டார். விரலில் சந்தனம் ஒட்டியது.

"வேலுவுக்கா?"

"வேலுவுக்குத்தான்."

"நான் வந்திருக்கணும் வீரம்மா. தப்பு பண்ணிட்டேன்." அப்புறம் ரொம்ப மெதுவாகச் சொன்னார்: "எதிர் சீட்டுல ஒருத்தர் இருந்தாரு. கோலாலம்பூர் டிக்கெட்டுதான். ஏரி வந்தப்போ அவருக்குக் காட்டினேன். தைப்பிங்ல எழுந்து வேற பெட்டிக்குப் போயிட்டாரு. பாலத்துல சத்தம் மாறுச்சு. 'கேளு'ன்னு திரும்பினேன். ஆளில்ல."

வீரம்மாவுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. அது பாதியிலேயே நின்றது.

"இருபத்தாறு வருஷம் நான் பெட்டி மாறலையே" என்றாள்.

நாகையா விரலில் இருந்த சந்தனத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் முகம் கழுவப் போகும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அந்தக் கயித்து ரயிலு... இன்னும் ஓடுதாமா?"

"ஓடுதாம். ஆனா மொதல்ல ஃபெரி ஏறணும்."

"ஏறலாம்லா" என்றார் நாகையா.