ஆயுதபூஜைக்குப் போன ஆராய்ச்சிப் பூசணிகள்

சில ஆண்டுகளுக்கு முன், ஆயுதபூஜைக்கு முதல் நாள் காலையில் நடந்தது இது. அப்போது நான் பெங்களூரை அடுத்து, ஆனேக்கல் போகும் சாலையில் உள்ள ஒரு வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பி.எச்.டி. செய்துகொண்டிருந்தேன். சொந்த ஊர் தருமபுரி பக்கம். ஹெப்பகோடியில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கியிருந்தேன். அறைத்தோழிகள் எல்லோரும் ஐ.டி. கம்பெனிக்காரிகள். அவர்கள் ராத்திரிச் சாப்பாட்டில் மென்பொருள் பற்றிப் பேசுவார்கள், நான் பூசணிக்காய் பற்றிப் பேசுவேன். சாம்பல் பூசணியை எப்படி வைத்தால் அதிக நாள் கெடாமல் இருக்கும் என்பதுதான் என் ஆராய்ச்சி.

சிரிக்காதீர்கள். அந்த ஒரு பூசணிக்காயை நாங்கள் நான்கு பேர் நான்கு பக்கமாக நின்று ஆராய்ந்துகொண்டிருந்தோம். அதற்குப் பெயர் கூட்டு ஆராய்ச்சித் திட்டம். வணிகவியல்காரி ஒருத்தி பண்டிகைச் சமயத்தில் பூசணி விலை எப்படி ஏறுகிறது என்று பார்த்தாள். கல்வியியல்காரர் ஒருவர் அதைச் சேமிக்கும் முறையை விவசாயிகளுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று பார்த்தார். சமயவியல்காரர் ஒருவர், திருஷ்டி கழிக்க ஜனங்கள் ஏன் பூசணி உடைக்கிறார்கள் என்று பார்த்தார். இவர் பெங்களூர் ஜோகுபாளையத்தில் தலைமுறைகளாக இருக்கும் தமிழ்க் குடும்பம். கன்னடமும் தமிழும் ஒரே மூச்சில் பேசுவார். அவருக்குப் பூசணி உடைந்தால்தான் ஆராய்ச்சி, எனக்கு உடையாமல் இருந்தால்தான் ஆராய்ச்சி. இந்த லட்சணத்தில் மாதம் ஒரு முறை நாங்கள் ஒன்றாக உட்கார்ந்து டீ குடித்து, ஒத்துழைப்பு நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவோம்.

எனக்கு அது இரண்டாவது முயற்சி. முந்தைய ஆண்டு வைத்த காய்களை எலி தின்றுவிட்டது. என் வழிகாட்டியான பேராசிரியை கண்டிப்புக்குப் பேர்போனவர். "இன்னொரு வருஷம் நீட்டிப்பு வாங்கிக் கொடுத்துட்டேன். இதுக்கு மேல நான் கேக்க மாட்டேன். இந்தத் தடவையும் போச்சுன்னா நீ ஊருக்குப் போய்ப் பூசணியே நடலாம்" என்று சொல்லிவிட்டார். அதனால் அந்தச் சேமிப்பு அறையை நான் காவல் காத்தது போல எந்தத் தாயும் தொட்டிலைக் காத்திருக்க மாட்டாள். சில காய்களை வைக்கோல் மேல் வைத்திருந்தேன், சிலவற்றை அலமாரியில், இன்னும் சிலவற்றை உறி மாதிரிக் கயிறு கட்டி உத்தரத்திலிருந்து தொங்கவிட்டிருந்தேன். தொங்கவிடுவது மேடத்தின் சொந்த யோசனை. அவருக்கு அவைதான் செல்லப்பிள்ளைகள். ஒவ்வொரு காயின் மேலும் மார்க்கரால் எண் எழுதியிருந்தேன்.

அன்றுதான் கடைசி நாள். எல்லாக் காயையும் கடைசியாக ஒரு முறை எடை போட வேண்டும். பிறகு வெட்டி, உள்ளே சதை எவ்வளவு கனம், விதை முளைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான், மாதக்கணக்கில் பட்ட பாடு முடிந்துவிடும். ஒவ்வொரு முறையிலும் குறைந்தது மூன்று காய்க்காவது இந்தக் கடைசிக் கணக்கு இருக்க வேண்டும் என்பது மேடம் போட்ட சட்டம். அதற்கு முந்தின சாயங்காலம் அறையைப் பூட்டிச் சாவியை ஆய்வக உதவியாளரிடம் கொடுக்கும்போது, சந்தோஷத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "நாளைக்கு எல்லாத்தையும் வெட்டித் தள்ளிட்டு நிம்மதியா ஊருக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை ஹெப்பகோடியிலிருந்து பஸ் நகரவே இல்லை. ரோட்டோரம் முழுக்கப் பூசணிக் குவியல், வாழைக்கன்று, சாமந்திப்பூ மூட்டை. இத்தனை பூசணியையும் ஒரே நாளில் போட்டு உடைக்கப் போகிறார்களே என்று பரிதாபப்பட்டுக்கொண்டே போனேன். என் பூசணிகளைப் பற்றி ஒரு கவலையும் வரவில்லை.

நிலையத்துக்குள் நுழைந்ததும் ஜீப்புக்கு முன்னால் ஒரு பூசணி சிதறிக் கிடந்தது. அடுத்து வேனுக்கு முன்னால் ஒன்று. அலுவலகத்தில் விடுமுறைக்கு முதல் நாளே பூஜை போட்டுவிடுவது வழக்கம் என்பதால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வேனைத் தாண்டும்போது ஒரு துண்டு செருப்பில் மாட்டியது. எடுத்துப் பார்த்தால், குங்குமத்துக்கு அடியில் என் கையெழுத்து.

சேமிப்பு அறைக்கு ஓடினேன். வைக்கோல் மேல் இருந்தவை பத்திரமாக இருந்தன. அலமாரியும் அப்படியே. உத்தரத்தில் மட்டும் வெறும் கயிறுகள் ஆடிக்கொண்டிருந்தன.

பூசணித் திருடன் என்று சொன்னதும் ஒருவன், சாம்பல் ஒட்டியிருக்கிறதோ என்று தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டானாம் என்று கன்னடத்தில் ஒரு பழமொழி உண்டு. எங்கள் உதவியாளர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பண்டிகைச் சட்டையின் இரண்டு தோளிலும் வெள்ளையாகப் பூசணிச் சாம்பலோடு, ஒரு தட்டு சுண்டலை நீட்டிக்கொண்டு சிரித்தபடி வந்தார்.

"ஹப்பத சுபாசயகளு மேடம்" என்றார். பண்டிகை வாழ்த்து!

"தொங்கிட்டிருந்த காயெல்லாம் எங்கண்ணா?"

"நீங்கதானே மேடம் நேத்து சொன்னீங்க, இன்னைக்கு எல்லாத்தையும் வெட்டிடுவேன்னு? எப்டியும் ஒடையப் போற காய். சாமி பேருக்கு ஒடைஞ்சா ஒந்து புண்ணியமாவது சேரும்ல? தொங்குற காய்தான் நோடக்கெ சன்னாகித்து, பாக்க லட்சணமா இருந்துச்சு. ரெண்டு நம்ம வண்டிங்களுக்கு. மிச்சம் நாலு, கேட்டுக்கு எதிர்ல ஆட்டோ ஸ்டாண்டு பசங்களும் இன்னைக்கே பூஜை போடுறோம்னு கேட்டாங்க, குடுத்துட்டேன்."

திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. மாதக்கணக்கான வேலை என்றும், குறைந்தது மூன்று காய் வேண்டும் என்றும், மேடம் என்னைத் துரத்திவிடுவார் என்றும் தமிழும் கன்னடமும் கலந்து உளறினேன். மேடம் பெயரைக் கேட்டதும் அவர் முகத்திலிருந்த பண்டிகைக் களை போய்விட்டது. நான் அதற்குமேல் நிற்காமல் ஆட்டோ ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

அங்கே எல்லா ஆட்டோவும் வாழைக்கன்றும் மாலையுமாக மாப்பிள்ளை மாதிரி நின்றன. என் நான்கு காய்களும் நான்கு ஆட்டோவுக்கு முன்னால் இருந்தன. முதல் காயில் மேலே துளை போட்டு, உள்ளே குங்குமமும் சில்லறையும் நிரப்பி, மேலே கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. ஒரு டிரைவர் அதைத் தூக்கிச் சுற்றத் தொடங்கிவிட்டார். அவருக்கு நேர் எதிரில், கேமராவும் கையுமாக முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார் எங்கள் சமயவியல் ஆராய்ச்சியாளர்.

"நிறுத்துங்க! அது என் காய்!" என்று கத்தினேன்.

டிரைவர் திகைத்து நின்றார். சமயவியல்காரர்தான் பதறிப்போனார். "ஏங்க, தலையிடாதீங்க! சடங்கு அது பாட்டுக்கு இயல்பா நடக்கணும். ஆராய்ச்சி பண்றவங்க குறுக்க வரக்கூடாதுங்க!"

"உங்க ஆராய்ச்சி என் ஆராய்ச்சியப் போட்டு ஒடைக்குதுங்க!"

எங்கள் ஒத்துழைப்பு அன்றுபோல் என்றும் சிறப்பாக இருந்ததில்லை.

ஸ்டாண்டுக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் வேலூர்ப் பக்கத்துத் தமிழர். நெற்றி நிறைய விபூதி. என்ன விஷயம் என்று, முந்தைய ஆண்டு எலி தின்ற கதை உட்பட, பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நம்பர் போட்டிருந்துச்சே, கவர்மென்ட்டு காய், ராசியா இருக்கும்னு நெனச்சோம்" என்றார். பிறகு தலையைச் சொறிந்தார். "திருப்பித் தர்றதுல ஒண்ணும் இல்லம்மா. ஆனா இது சுத்த ஆரம்பிச்ச காய். வண்டி மேல இருந்த கண்ணெல்லாம் இதுல எறங்கியிருக்கும். இத ஒரு ரூமுக்குள்ள எடுத்துட்டுப் போகக் கூடாது. ஒடைச்சே ஆகணும். அதுவும் ராவு காலத்துக்கு முன்னாடி."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானும் அவற்றை உடைக்கத்தானே போகிறேன்! உடைப்பதற்கு முன்னால் எடை தெரிந்தால் போதும். இதைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. "அவ்ளோதானா? நீங்க எட போடுங்க. நாங்க ஒடைக்கிறோம். நீங்க எழுதிக்குங்க."

எடை போடுவது எதில்? மற்ற எடையெல்லாம் ஆய்வகத் தராசில் போட்டது, இதையும் அதில்தான் போட வேண்டும். அந்தத் தராசுக்கோ காலையிலேயே சந்தனம், குங்குமம் வைத்து, மாலை போட்டுச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டார்கள். பூஜையில் வைத்த கருவியை விஜயதசமி வரை தொடக்கூடாது. அதற்குள் பூசணி மட்டுமல்ல, நானும் உடைந்துபோயிருப்பேன்.

இப்படி நான் விழித்துக்கொண்டு நிற்கும்போது கேட்டைத் திறந்துகொண்டு உதவியாளர் வந்தார். மாலையும் குங்குமமுமாக அந்தத் தராசை, சாமி தூக்குவது போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கை இல்லாததால் தராசிலேயே நெற்றியை முட்டிக்கொண்டார்.

"சரஸ்வதி தாயி மன்னிச்சுடுவா மேடம்," என்றார் மூச்சு வாங்கியபடி. "நம்ம மேடம் மன்னிக்க மாட்டாங்க."

பக்கத்து டீக்கடைக்காரர் தன் கடையின் சீரியல் லைட்டைப் பிடுங்கிவிட்டு எங்களுக்கு மின்சாரம் கொடுத்தார். சுற்றிய காயிலிருந்து குங்குமத்தையும் சில்லறையையும் கொட்டி, வெட்டிய மூடியை வைத்து எடை பார்த்தேன். பிறகு எல்லாவற்றையும் திரும்ப நிரப்பி, புதுக் கற்பூரம் ஏற்றி, மறுபடி சுற்றி, ஓங்கிப் போட்டார்கள். மற்ற டிரைவர்கள் காயைத் தோளில் வைத்துக்கொண்டு ரேஷன் கடை மாதிரி வரிசையில் நின்றார்கள். ஒருவர், "ஏம்மா, நம்ம காய் பாஸா?" என்று கேட்டார். சமயவியல்காரர் மெய்ம்மறந்து படம் எடுத்தார். சடங்கு இயல்பாக நடக்க வேண்டும் என்ற கொள்கை எங்கே போனதோ தெரியவில்லை. "இந்த மாதிரி எங்கயுமே பதிவானதில்லங்க" என்று என்னிடமே சந்தோஷப்பட்டார்.

ஒவ்வொரு காய் உடைந்ததும் நான் ரோட்டில் குனிந்து, பைக்குகளுக்கு நடுவே ஓடி, துண்டுகளைப் பொறுக்கிச் சதையை அளந்தேன். விதையைப் பிரித்துப் பார்த்தேன். ஒன்றில்கூட முளைப்பு இல்லை. மேடத்தின் யோசனை ஜெயித்துவிட்டது. மூன்றாவது காயையும் அளந்து முடித்தபோது அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். கை இரண்டும் குங்குமமும் பூசணிச் சாறுமாக இருந்தன. போகிற வருகிறவர்கள் விபத்து என்று நினைத்து வண்டியை நிறுத்த, டிரைவர்கள், "ஏனில்லா, ஏனில்லா, ஒண்ணுமில்ல, படிப்பு" என்று சொல்லி அனுப்பினார்கள்.

நான்காவது காய் தலைவருடையது. எடை போட்டுக் கொடுத்தேன். அவர் தன் ஆட்டோவுக்குப் போகாமல் காயோடு என் முன்னால் வந்து நின்றார்.

"மூணு வண்டிக் கண்ணையும் வெறுங்கையால அள்ளிட்டியேம்மா. யாரும் தொட மாட்டாங்க அத. இப்டியே வூட்டுக்குப் போகக் கூடாது. கெழக்கால பாத்து நில்லு."

"ஐயோ, உங்க வண்டிக்குண்ணா?"

"வண்டிக்கு எலுமிச்சம்பழம் போதும். போன வருசம் எலி, இந்த வருசம் நாங்க. ஒம் படிப்பு மேலதான்மா யாரு கண்ணோ இருக்குது."

விஞ்ஞானம் படித்தவள் நான். திருஷ்டியில் நம்பிக்கை உண்டா என்று கேட்டால் இப்போதும் முழிப்பேன். ஆனால் அன்று நடுரோட்டில் கிழக்குப் பார்த்து, கண்ணை மூடிக் கைகூப்பி நின்றேன். கற்பூரச் சூடு முகத்துக்கு முன்னால் மூன்று சுற்று சுற்றியது. உதவியாளர் என் பக்கத்தில் தராசோடு வந்து நின்று, தானும் திருஷ்டி கழித்துக்கொண்டார். படாரென்று சத்தம் கேட்டது. பழக்க தோஷத்தில் துண்டுகளைப் பொறுக்கத் திரும்ப முயன்றேன்.

"திரும்பிப் பாக்காம போம்மா!" என்று எல்லாரும் ஒரே குரலில் அதட்டினார்கள். நான் திரும்பிப் பார்க்காமல் கேட்டுக்குள் போனேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? அன்றைக்கே நானும் உதவியாளரும் மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம். அவர் என் எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு, "தொங்கினதுல மொளைப்பு இல்லையா? நான்தான் சொன்னேனே" என்றார். சமயவியல்காரரின் ஆய்வேட்டில், கண்ணை மூடி நிற்கும் ஒரு பெண்ணின் படம், முகம் மறைக்கப்பட்டு அச்சாகியிருக்கிறது. குங்குமக் கையைப் பார்த்தால் நான்தான் என்று எனக்குத் தெரியும்.

வாய்மொழித் தேர்வில் வெளியூர்த் தேர்வாளர் என் அட்டவணையில் விரலை வைத்து, தொங்கவிட்ட ஒரு காய்க்கு எடை இருக்கிறது, சதைக் கனம் மட்டும் ஏன் இல்லை என்று கேட்டார். "திரும்பிப் பார்க்கக் கூடாதுன்னு சொன்னாங்க சார்" என்றேன். முழுக் கதையும் கேட்டு அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் இன்றும் அந்த ஆய்வேட்டைப் பிரித்தால், நான் அளந்து எழுதிய எண்களை எல்லாம் தாண்டி, முன்பின் தெரியாத ஒருவர் தன் வண்டிக்கு வைத்திருந்ததை எனக்காக உடைத்த அந்தக் காலிக் கட்டத்தில்தான் என் விரல் போய் நிற்கிறது.