மெத்தைமேல் நிற்கும் ஷர்வின்

மின்விசிறியை அணைத்துவிட்டுத்தான் ஷர்வின் மெத்தைமேல் ஏறுகிறான். காற்றில் ஒரு கூரையை வரையக் கையைத் தூக்கிய ஒரு நாள், பிடித்திருந்த கருவி விசிறி இறக்கையில் பட்டுச் சுவரோரம் தெறித்தது. அன்றிலிருந்து இந்தப் பழக்கம். வேர்வை வழிய மெய்நிகர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, வெறும் காற்றில் தூண் நடுவான், பலகை தூக்குவான், யாரையோ கையமர்த்துவான். எட்டிப் பார்க்கும் அம்மா விமலாவுக்கு, மகன் கண்ணுக்குத் தெரியாத ஆளோடு மீன் பேரம் பேசுவதுபோல் இருக்கும்.

பீடோருக்கு வெளியே, ரப்பர்த் தோட்டத்தை அழித்து எழுப்பிய தாமான் குடியிருப்பில் வீடு. அவன் அறையில் சுவருக்குச் சுவர் மெத்தைதான். ஈப்போவில் வடிவமைப்புப் படிக்கும் அவனுக்கு இந்த ஆண்டு வந்தது கூட்டு வேலை: தாப்பாவில் மலைக்குப் போகும் பேருந்துக்குக் காத்திருப்போருக்காக ஒரு நிழற்குடை. கூட்டாளிகள் வேறு கல்லூரிக்காரர்கள், சித்தியவானில் மாதுமை, தாப்பாவில் தனேஸ்வரன். அவரவர் வீட்டிலிருந்தே மெய்நிகர் வெளியில் கூடிக் கட்டினார்கள். இதில் தேறினால்தான் மூவருக்கும் இறுதியாண்டு.

ஷர்வின் ஆள் குள்ளம். பள்ளிப் படங்கள் எல்லாவற்றிலும் முதல் வரிசை. உயரம் கூட்டக் கனத்த அடி வைத்த சப்பாத்தைக் காலில் மாட்டாமல் முக்குக் கடைக்குக்கூடப் போகமாட்டான். ஆனால் மெய்நிகர் வெளியில் மட்டும் தனேஸ்வரன் அவனை “நெட்டையா” என்றுதான் கூப்பிடுவான். அதைக் கேட்க ஷர்வினுக்கு அவ்வளவு சந்தோஷம். திருத்த வாய் வரவே இல்லை.

நெட்டையான கதை சின்னது. முதல் நாள் ஹெட்செட், தரைமட்டத்தைக் குறித்துக்கொள்ள, “தரையைத் தொடவும்” என்று கேட்டது. பையன் நேர்மையாகக் கதவோரம் குனிந்து சிமெண்டுத் தரையைத் தொட்டான். பிறகு மெத்தைமேல் ஏறி நின்று வேலையைத் தொடங்கிவிட்டான்.

மற்ற இருவரும் நாற்காலியில் உட்கார்ந்தே வேலை செய்பவர்கள். நிற்பவன் இவன் ஒருவன் என்பதால் எல்லாவற்றுக்கும் இவனே அளவுகோல். “நம்பரெல்லாம் பாக்காத மச்சான், ஒன் முட்டிக்கு வையி, போதும்லா,” என்பான் தனேஸ்வரன். பெஞ்சு அவன் முட்டிக்கு வந்தது, கைப்பிடி அவன் இடுப்புக்கு.

மதிப்பீட்டு நாளன்று ஈப்போக் கல்லூரி மண்டபத்தில், அதே அளவில் கனத்த அட்டையில் வெட்டிய நிழற்குடையைக் கல்லூரி ஊழியர்கள் பூட்டி நிறுத்தியிருந்தார்கள். மூவரும் நேரில் சந்திப்பது அதுவே முதல் முறை. நெட்டையனைத் தேடிக் கூட்டத்தின் தலைகளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்த தனேஸ்வரன், தன் தோளுக்குக் கீழிருந்து ஷர்வினின் குரல் வரவும் திகைத்துப் போனான். மாதுமை பெஞ்சில் ஏறி உட்கார்ந்தாள். கால் தரைக்கு எட்டவில்லை.

“ஷர்வின், நீ எதுல ஏறி நிண்டு அளந்தனீ?” என்றாள் அமைதியாக.

ஷர்வினுக்குக் காது சிவந்துவிட்டது. “மெத்தை மேல. ரூம்ல வேற எடமே இல்லலா.”

தனேஸ்வரன் அட்டைத் தூணைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். “அலாமாக், பஸ் ஸ்டாப்புக்கு அடியில ஒன் மெத்தையையும் சேத்துல்ல கட்டியிருக்கோம்.”

மதிப்பீட்டாளர்கள் பக்கத்துக் குழுவரை வந்துவிட்டார்கள். ஷர்வின் வீட்டுக்கு அழைத்து, மெத்தையின் கனத்தை அளந்து சொல்லச் சொன்னான். “ஒரு சாண், அதுக்கு மேல ரெண்டு வெரலு. ஏன்டா, விக்கப் போறியா?” என்றார் விமலா. மாதுமை தன் சாணால் அளந்து கோடு போட, மற்ற இருவரும் பெஞ்சுக் கால்களையும் கைப்பிடியின் கால்களையும் அறுத்துத் தள்ளினார்கள்.

மதிப்பீட்டாளர் அம்மையார் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பாதம் இரண்டும் தரையில் பதிந்தன. கைப்பிடியைக் காட்டி, இது யார் உயரத்துக்குச் சரியாக இருக்கும், ஒருவர் வந்து நின்று காட்டுங்கள் என்றார்.

தனேஸ்வரன் நகர்வதற்குள் ஷர்வின் முன்னால் வந்தான். குனிந்து சப்பாத்துக் கயிறுகளை அவிழ்த்தான். இரண்டையும் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு, வெறுங்காலோடு தரையில் நின்று கைப்பிடியைப் பற்றினான்.