ஆறு விநாடிப் பாதம்

செய்தி வந்தபோது பிற்பகல் இரண்டு இருபது. அக்காதான் அழைத்தாள். சலவைக்கூடத்து மேற்பார்வையாளர் தன்னிடம் சொன்னதை அப்படியே ஒப்பித்தாள். பாய்லர் அறையில் நீராவிக் குழாய் வெடித்துவிட்டது. உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் அங்கேயே போய்விட்டார். இன்னொருவரை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள்.

"உயிரோட இருக்கிறது இவர்தானாம்டா. பாக்கெட்ல அட்டை இருந்துச்சாம், பேரைப் பார்த்துட்டுத்தான் கூப்பிட்டாங்க. நீ நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடு."

அன்று வெள்ளிக்கிழமை. எனக்கு அது உடனே உறைக்கவில்லை.

அக்காவின் கணவரை நான் மாமா என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். நகரத்து மருத்துவமனைகளின் விரிப்புகளும் அறுவை அங்கிகளும் வந்து சேரும் சலவைக்கூடத்தில் அவர் பதினேழு வருடம் பாய்லர் பார்த்தார். அரை மணிக்கு ஒருமுறை கண்ணாடிக் குழாயில் நீர்மட்டம் பார்க்க வேண்டும், அழுத்தமுள் சிவப்புக் கோட்டுக்குப் போகாமல் காக்க வேண்டும். அங்கிருந்து போகும் நீராவியில்தான் பக்கத்துக் கூடத்து உருளைகள் சூடாகும். அந்த உருளைகளுக்குள் ஈர விரிப்புகளை விடுகிறவரை எல்லோரும் இஸ்திரி என்றுதான் கூப்பிட்டார்கள். மாமாவின் உயரம், மாமாவின் உடல்வாகு, ஏறக்குறைய அதே வயது. இருவரும் ஒரே பாத்திரத்தில் சாப்பிடுகிற சிநேகிதர்கள்.

காலை ஆறு பத்துக்கு அவரை ஏற்றிக்கொள்ள வேன் வந்து ஹாரன் அடிக்கும். அடித்ததும் எது கையில் இருந்தாலும் அப்படியே விட்டுவிட்டுப் போவார். பாதி டீ, பாதி பேப்பர், ஒரு தடவை பாதி மீசை. ஒதுக்கிய பக்கமும் ஒதுக்காத பக்கமுமாக அவர் அன்று எட்டு மணி நேரம் வேலை செய்ததை இஸ்திரி வருடக்கணக்கில் சொல்லிக் காட்டினார்.

மாமாவுக்கு சினிமா பைத்தியம். ஆனால் அவர் பைத்தியத்துக்கு ஒரு கணக்கு இருந்தது. தியேட்டர் வாசலில் நின்று, பால்பாயிண்ட் பேனாவால் இடது உள்ளங்கையில் ஓர் எண்ணை எழுதுவார். அது முன்மார்க். படம் முடிந்து வெளியே வந்ததும் பக்கத்தில் இன்னோர் எண்ணை எழுதுவார். அது பின்மார்க்.

"தொண்ணூறு போட்டு உள்ள போய், எழுபதோட வெளிய வந்தா அது மோசமான படம் மாப்ள. இருபது போட்டு நாற்பதோட வந்தா நல்ல படம். படத்துக்குன்னு தனியா மார்க்கே கிடையாது. நீ வச்சிருந்த ஆசையைக் கழிச்சுட்டு என்ன மிஞ்சுதோ அதுதான் படம்."

"கல்யாணத்துக்கு முன்னாடி அக்காவுக்கு எவ்வளவு போட்டீங்க?" என்று ஒருமுறை கேட்டேன். சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "அந்தக் கையைக் கழுவிட்டேன் மாப்ள" என்றார்.

அக்காவுக்கு சினிமா ஒத்து வராது. விளக்கு அணைந்ததும் தூங்கிவிடுவாள். "ஏசி நல்லாருந்துச்சு. எழுபத்தஞ்சு போட்டுக்கோங்க" என்பாள் வெளியே வந்ததும்.

ஆறு வருடங்களுக்கு முன் ஒரு படப்பிடிப்புக் குழு, பிணவறைக் காட்சிக்காகச் சலவைக்கூடத்திலிருந்து விரிப்புகள் கேட்டது. தள்ளுவண்டியில் கொண்டுபோய்க் கொடுத்தவர் மாமா. அங்கே பிணமாகப் படுத்திருந்த ஆளுக்கு வயிறு ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஏழு தடவை எடுத்தும் சரியாக வரவில்லை. இயக்குநர் சலித்துப்போய்ச் சுற்றிப் பார்த்தார்.

"ஏங்க, நீங்க மூச்சடக்குவீங்களா?"

"நிமிஷக்கணக்கா அடக்குவேன் சார். நீராவிக்குள்ள நிக்கிற ஆளு."

படுக்க வைத்தார்கள். முகத்துக்குச் சாம்பல் பூசினார்கள். ஒரே தடவையில் காட்சி முடிந்தது. "இந்த மாதிரி பிணம் கிடைக்கவே கிடைக்காது" என்று இயக்குநர் தோளில் தட்டினாராம். அதை எங்கள் வீட்டில் நாலு மாதம் கேட்டோம்.

படம் வெளியான அன்று இரண்டு வரிசை, பதினாறு சீட்டு. மேற்பார்வையாளர், இஸ்திரி, அவர் மனைவி, வேன் ஓட்டுநர், அக்கா, நான் எல்லோரும் போனோம். வாசலில் மாமா உள்ளங்கையை மறைத்துக்கொண்டு எழுதினார். நான் பிடித்து விரித்துப் பார்த்தேன். நூறு. அவர் நூறு போட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் பிணவறை வந்தது. பதினாறு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். திரையில் ஒரு மேசை, அதன் மேல் வெள்ளை விரிப்பு. விரிப்புக்கு வெளியே இரண்டு பாதங்கள், கட்டைவிரலில் கட்டிய சீட்டு. நாயகன் வந்து தலைப்பக்கத்து விரிப்பைத் தூக்குகிறான். கேமரா நாயகன் முகத்துக்குப் போய்விட்டது. அவன் அழுதான். அவ்வளவுதான்.

"எங்கய்யா உன் மூஞ்சி?" என்றார் மேற்பார்வையாளர் இருட்டில்.

"கடைசில வரும் சார்" என்றார் மாமா.

கடைசியிலும் வரவில்லை. படமும் படுமோசம். வெளியே வந்ததும் இஸ்திரி தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, "ஆறு செகண்டுய்யா. நான் எண்ணினேன். ஆனா ஒண்ணு, கால் நல்லா நடிச்சிருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். உள்ளங்கையை மட்டும் பேண்டில் தேய்த்துக்கொண்டே இருந்தார். மறுநாளிலிருந்து சலவைக்கூடத்தில் அவர் பெயர் ஆறு செகண்டு.

வீட்டுக்கு நடந்து வரும்போதும் அவர் அந்தக் கையைத் தேய்த்துக்கொண்டேதான் வந்தார். தெருமுனை திரும்பும்போது அக்கா சொன்னாள்:

"திரையில வந்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, அது நீங்கதான்னு."

"நீ தூங்கல?"

"அந்த ரெண்டாவது விரல் கட்டைவிரல் மேல ஏறி உக்காந்திருக்குமே. பதினோரு வருஷமா ராத்திரி என் மேல வந்து விழுற கால் எனக்குத் தெரியாதா?"

மாமா நின்றுவிட்டார். "மூஞ்சி தெரியாமலே கண்டுபிடிச்சியா?"

"மூஞ்சிய என்னத்துக்குப் பார்க்கணும்."

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, தெருவிளக்கடியில் கையை விரித்து, மங்கிப்போன நூறுக்குப் பக்கத்தில் நூற்றைந்து என்று எழுதிக் காட்டினார். "ஜெயிச்சிருச்சு மாப்ள."

அதற்குப் பிறகு அவர் தம் பாதங்களைப் பேண ஆரம்பித்தார். குதிகாலைக் கல்லால் தேய்ப்பார், விடிந்ததும் உட்கார்ந்து நகம் வெட்டுவார். "நடிகரோட காலு, கவனமா பார்த்துக்கணும்ல" என்பாள் அக்கா, பெருக்கிக்கொண்டே.

அக்காவுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைகளில் புதுப்படம் வந்தால் மாமா இரண்டு மணிக்கே பின்கதவு வழியாக நழுவிவிடுவார். வேலை முடியும் நான்கு மணிக்கு இயந்திரத்தில் அட்டையைச் செருகி நேரம் பதிக்க வேண்டுமே. அதற்காகத் தம் அட்டையை மதியமே இஸ்திரியிடம் கொடுத்துவிடுவார். இரண்டு அட்டைகளையும் இஸ்திரி பதித்துவிடுவார். பாய்லரையும் அந்த நேரம் அவரே வந்து பார்ப்பார். இஸ்திரி தம் அட்டையைக் கழுத்தில் மாட்டமாட்டார், உருளையில் சிக்கும் என்று இயந்திரத்துக்கு மேலே ஆணியில் தொங்கவிட்டிருப்பார். மாமாவுடையது மட்டும் அவர் பைக்குள் கிடக்கும். அட்டையில் புகைப்படம் கிடையாது. பெயரும் எண்ணும்தான்.

முந்தின நாள் மாலை மாமா எனக்குப் போன் செய்திருந்தார். "நாளைக்கு மூணு மணி ஆட்டம். யாரும் தெரியாத ஆளுங்க எடுத்த படம். முன்மார்க் இருபதுதான், தோக்கறதுக்கு ஒண்ணுமில்ல. வர்றியா?" நான் வேலை பார்க்கும் நூலகத்தில் கணக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தது. வரமுடியாது என்றேன்.

மருத்துவமனை வாசலில் அக்கா எனக்காக நின்றிருந்தாள். படியேறும்போது சொன்னாள்: "போன் எடுக்கும்போதே ஆபீஸ் நம்பர்னு தெரிஞ்சுது. நான் பூஜ்யம்தான் போட்டேன்டா. இருக்காருன்னு சொன்னதும் பாரு..." என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

தீக்காயப் பிரிவின் நடையில் ஒரு பெஞ்சு. அதில் இஸ்திரியின் மனைவி உட்கார்ந்திருந்தாள். ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது. மேற்பார்வையாளர் சுவரைப் பார்த்து நின்றார். அக்கா போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீர் குடிக்க வைத்து, முந்தானையால் வாயைத் துடைத்துவிட்டாள்.

"உங்களுக்குக் கொடுத்து வச்சிருக்குக்கா" என்றாள் அவள். பொறாமையாகச் சொல்லவில்லை. வெறுமனே சொன்னாள்.

அக்காவின் கை அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எதிர்ச் சுவரில் நாள்காட்டி என் கண்ணில் பட்டது. வெள்ளி. அட்டை யார் பையில் இருந்தது என்று மேற்பார்வையாளர் சொன்னார்? உள்ளே இருப்பவர் பையில். மதியத்துக்கு மேல் அந்த அட்டை யார் பையில் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

குழாய் வெடித்தது ஒன்று நாற்பதுக்கு. மாமா இன்னும் கிளம்பியிருக்கவில்லை. ஒப்படைப்பதற்காக இருவரும் ஒன்றாக நின்றிருக்கிறார்கள்.

ஒருவேளை அன்று அட்டையைக் கொடுக்காமல் இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்க முடிந்தவரை நினைத்தேன்.

நர்ஸ் எங்களை உள்ளே விட்டாள். தலையிலிருந்து இடுப்புவரை கட்டு. கண்ணும் கட்டுக்குள். மூக்கில் குழாய். முட்டிக்குக் கீழே மட்டும் ஒன்றும் ஆகவில்லை, ரப்பர் பூட்ஸ் காப்பாற்றியிருந்தது. அக்கா தலைமாட்டில் குனிந்தாள்.

"நான் வந்துட்டேங்க. பேசாதீங்க. தம்பியும் வந்திருக்கான். ஒண்ணுமில்ல, சரியாப் போயிடும்." கட்டுக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது. "சரி, சரி. பேசாதீங்கன்னு சொன்னேன்ல" என்றாள், வீட்டில் அதட்டுகிற அதே குரலில்.

"காலைக் கொஞ்சம் மூடி விடுங்கம்மா, குளிரும்" என்றாள் நர்ஸ்.

அக்கா கால்மாட்டுக்கு வந்து போர்வையின் நுனியைப் பிடித்தாள். அப்படியே நின்றாள். அகன்ற பாதங்கள். விரல்கள் ஐந்தும் ஒழுங்காக, ஒன்றையொன்று தொடாமல் இருந்தன.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அதிலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கும்.

பிறகு போர்வையை இழுத்து அந்தப் பாதங்களை மூடினாள். இரண்டு பக்கமும் மெத்தைக்கடியில் செருகிவிட்டாள். வெளியே வந்து பெஞ்சு முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"தங்கச்சி, உள்ள போ. உன் வீட்டுக்காரர்தான் இருக்காரு."

அவளுக்குப் புரியவில்லை. "என்னக்கா சொல்றீங்க?"

"போம்மா. நீ யாருன்னு சொல்லிப் பேசு. நான் தப்பாப் பேசிட்டு வந்துட்டேன்."

அவள் எழுந்து, ஒற்றைச் செருப்போடு ஓடினாள். உள்ளேயிருந்து வந்த சத்தத்தை நான் விவரிக்கப் போவதில்லை. அக்கா அந்த இடத்தைவிட்டு வேகமாக நடந்தாள்.

இஸ்திரி பிழைத்துக்கொண்டார். வாய் திறந்து பேச முடிந்ததும், முதலில் மாமாவின் அட்டையைப் பற்றித்தான் கேட்டாராம், பதிக்காமல் விட்டுவிட்டேனே என்று. அந்த மூன்று மணிப் படத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்ததாகப் பேசிக்கொண்டார்கள். ஐந்து வாரம் ஓடியது.

அன்று நாங்கள் போன பிணவறை, மருத்துவமனைக் கட்டடத்தின் பின்பக்கம், கீழ்த்தளத்தில் இருந்தது. ஊழியர் எங்களை உள்ளே கூட்டிப்போய் ஒரு மேசைக்கு முன்னால் நிறுத்தினார். வெள்ளை விரிப்பு. அதன் ஓரத்தில் சலவைக்கூடத்து முத்திரை நீல நிறத்தில் தெரிந்தது.

"முகம் பார்க்கிற மாதிரி இல்லம்மா. ஆம்பளை யாராவது..."

"முகம் வேணாம்" என்றாள் அக்கா. "காலைக் காட்டுங்க."

அவர் கால்பக்கத்தை மடித்து மேலே ஏற்றினார். கட்டைவிரலில் நூலில் கட்டிய சீட்டு, அதில் இஸ்திரியின் பெயர். இரண்டாவது விரல் கட்டைவிரல்மீது ஏறி உட்கார்ந்திருந்தது. அக்கா குனிந்து அந்தச் சீட்டை அவிழ்த்து ஊழியரிடம் கொடுத்தாள். "பேரை மாத்தி எழுதணும்" என்றாள்.

அவர் எழுதுகோல் தேடப் போனார். அக்கா பாதங்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். இடது காலில் ஐந்து நகமும் வெட்டியிருந்தது. வலது காலில் கட்டைவிரல் மட்டும்தான் வெட்டியிருந்தது. மற்ற நான்கும் அப்படியே இருந்தன.