பதிவாகாத முதல் நொடி

பிப்ரவரி 3 – யு.எஸ்.பி. கேபிள் இரண்டு: 240
பிப்ரவரி 9 – லாஜிக் அனலைசர்: 850
மார்ச் 2 – அதைவிட வேகமான லாஜிக் அனலைசர்: 11,400
ஏப்ரல் 11 – பழைய கணினிக்கு மின்பெட்டி: 1,300

இவை என் வீட்டுக்கு மேலே மாடி வீட்டில் இருந்த தராசுக்காரர் அந்த வருஷம் செய்த செலவுகள்; நான் குறித்து வைத்தவை. கடைகளின் மின்னணுத் தராசுகளைப் பழுது பார்ப்பவர். வயது அறுபத்தொன்று, தனிக்கட்டை. உறவென்று வேறு ஊரில், ஒரு விடுதியில் இருந்த அக்கா மட்டும்தான்.

அக்காவுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. பிற்பாடு காதும் போயிற்று. தம்பி சொல்வது அவளை எட்ட வேண்டுமானால் தாளில் பிரெயில் புள்ளிகளாக எழும்பி நிற்க வேண்டும். கையால் குத்தியவை அவளுடைய வயதான விரலுக்குப் பிடிபடவில்லை. அதற்காக அச்சு இயந்திரம் ஒன்று வைத்திருந்தார். அதைச் செய்த கம்பெனி மூடிவிட்டது. அதை இயக்கும் மென்பொருள் ஒரே ஒரு பழைய கணினியில்தான் ஓடியது. அதுவும் அடிக்கடி மூச்சு விட மறந்தது.

அந்தக் கணினியையும் இயந்திரத்தையும் இணைக்கும் கேபிளின் தோலை உரித்து, பச்சைக் கம்பியிலும் வெள்ளைக் கம்பியிலும் அனலைசரின் கொக்கிகளை மாட்டினார். கம்பியில் ஓடும் மின்துடிப்புகளைப் பதிவு செய்யும் கருவி அது.

"என்ன சார் பண்றீங்க?" என்று கேட்டேன்.

"ஒட்டுக்கேக்கறேன். இது ரெண்டும் என்ன பேசிக்குதுன்னு தெரிஞ்சா, அதையே புதுக் கணினிய வச்சுப் பேச வச்சிடலாம். நீங்கதான் எல்லாத்தையும் எழுதி வைக்கிற ஆளாச்சே, நோட்டை எடுங்க."

முதல் அனலைசர் உதவவில்லை. கம்பியில் வினாடிக்கு ஒரு கோடியே இருபது லட்சம் துடிப்பு. அது பார்த்ததோ இரண்டு கோடியே நாற்பது லட்சம் தடவை. துடிப்புக்கு இரண்டே பார்வை. பாதிப் பேச்சு குழறியது. இரண்டாவது தெளிவாகக் கேட்டது. ஒவ்வொரு புள்ளி வடிவமாக அச்சிட்டு, கம்பியில் ஓடிய எண்களை அவர் வாசிக்க, நான் எழுதினேன். பிரெயிலின் ஆறு புள்ளிகளில் அமையக்கூடிய வடிவங்கள் மொத்தம் அறுபத்து மூன்று. மார்ச் 14 அன்று முடிந்தது.

மார்ச் 20, பழைய கணினி அடியோடு நின்றது.

"போகட்டும் சார், அதோட வாயில இருந்து எல்லாத்தையும் பிடுங்கியாச்சு," என்றார்.

புதுக் கணினியிலிருந்து அதே எண்களை அனுப்பினார். இயந்திரம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. ஒரு புள்ளியும் குத்தவில்லை. மூன்று வாரம் போராடினார். வாரம் தவறாமல் போய்க்கொண்டிருந்த கடிதம் நின்றது. ஏப்ரல் 8 அன்று அக்காவின் கடிதம் வந்தது. அதுவும் பிரெயில்தான்; புள்ளிகளின் நிழல் தெரிய வெளிச்சத்தில் சாய்த்துப் படித்தார்: "என் மேல் கோபமா?" அன்று அவர் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

இரண்டு நாள் கழித்து, கடைத் தராசு ஒன்றைப் பழுது பார்த்து மின்சாரம் கொடுத்தார். ஒன்பதிலிருந்து பூஜ்யம் வரை எண்கள் ஓடிய பிறகே அது எடைக்குத் தயாராயிற்று. தலையில் அடித்துக்கொண்டு என் கதவைத் தட்டினார்.

"சார், கேபிளைச் செருகினதும் கொஞ்ச நேரம் ஏதோ சலசலன்னு ஓடும். வெட்டிப்பேச்சுன்னு நினைச்சு, அது அடங்கினப்புறம்தான் பதிவு போட்டேன். இயந்திரத்தை எழுப்பற வார்த்தை அதுலதான் இருந்திருக்கும். முப்பது வருஷமா தராசு பாக்கறேன், எனக்கே இது தோணல பாருங்க!"

"இப்ப அந்தக் கணினி எழுந்திருக்குமா?"

"ஒரு தடவை எழுந்தா போதும்."

மறுநாள் பழைய கணினிக்கு மின்சாரம் தரும் மின்பெட்டியை மாற்றினார். முதலில் பதிவைத் தொடங்கி, பிறகு கேபிளைச் செருகினார். கணினி பதினொரு நிமிடம் ஓடிக் கருகல் வாசனையோடு அணைந்தது. முதல் நொடியில் எட்டே எண்கள் புதிதாகக் கிடைத்தன. புதுக் கணினியிலிருந்து அவற்றை முன்னால் வைத்து அனுப்பியதும் இயந்திரம் தடதடவென்று குத்தத் தொடங்கியது. அவர் சிரிக்கவில்லை. தாளை விரலால் தடவிக்கொண்டே நின்றார்.

நடந்ததை எல்லாம் ஆறு பக்கம் எழுதி அனுப்பினார். ஏப்ரல் 23 அன்று பதில்: "புள்ளி நன்றாக இருக்கிறது. கம்பிக் கதை எல்லாம் எனக்கு எதற்கு? சாப்பிட்டாயா என்று மட்டும் எழுது, விரல் வலிக்கிறது."

"பாத்தீங்களா சார், இன்னும் அதட்டறா," என்றார்.

பிறகு அரைப் பக்கக் கடிதங்களாகப் பத்தொன்பது அனுப்பினார். அவள் எழுதியது நான்கு. அக்கா இறந்ததை விடுதி மேலாளர் மையால் எழுதித் தெரிவித்தார். புள்ளியில்லாத அந்தத் தாளைத் தராசுக்காரர் என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அது வந்த நாள் செப்டம்பர் 6.