வெட்டிவேர் மேட்டில் பாடியது யார்?

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள். குடித்துவிட்டு உளறுகிறேன் என்கிறார்கள். ஐயா, நடந்தது பட்டப்பகலில்! சொட்டுச் சாராயம்கூட அன்று என் வாயில் படவில்லை. சரியாக உச்சி நேரம், பன்னிரண்டு மணி.

எங்கள் ஹைட்டியில், லெ காய் ஊருக்கு மேலே மலைச்சரிவு முழுக்க வெட்டிவேர்தான். என் அண்ணன் ஓடிலோன் போன மழைக்காலத்தில் மண்சரிவில் புதைந்து செத்தான். அவன் மேட்டை எனதாக்கிக்கொள்ளத்தான் அன்று ஆட்களைக் கூட்டினேன். பத்திரம் எதுவும் கிடையாது. எவன் வேரைத் தோண்டி மறுபடி நாற்று நடுகிறானோ அவனுக்கே நிலம் என்று ஊர் ஒப்புக்கொள்ளும். அண்ணன் பெண்டாட்டி செலிமேன் காலையிலேயே வழிமறித்தாள்.

"புருஷன் செத்து வருஷம் திரும்பல, அதுக்குள்ள மண்வெட்டியோட வந்துட்டியா ஃப்ரெனெல்? உனக்கெல்லாம் சோறு எப்படிய்யா இறங்குது?"

"எங்கப்பன் மண்ணு இது. வழிய விடு அண்ணி."

பதினைந்து பேர் வந்திருந்தார்கள். இப்படி ஊர் கூடி ஒருவனுக்கு உழைத்துக் கொடுப்பதைக் கொன்பித் என்போம். கூலி கிடையாது, வயிறாரச் சாப்பாடு போடவேண்டும், அவ்வளவுதான். அண்டா நிறைய மக்காச்சோளக் களியும் ஆட்டுக்கறியும் கொதித்துக்கொண்டிருந்தன. மத்தளமும் சங்கும் முழங்க ஒருவன் பாடுவான், மற்றவர்கள் பின்பாட்டோடு மண்வெட்டியைப் போடுவார்கள். கூப்பிட்ட வீட்டுக்காரனைப் பாட்டில் எப்படி வேண்டுமானாலும் கிழிக்கலாம், அவன் வாயைத் திறக்கக் கூடாது. அன்றைய பாட்டுக்காரன் மெத்தெலூஸ், பொல்லாத வாயாடி. "கறி எங்கடா ஃப்ரெனெல், ஆடு இன்னும் மேயுதா" என்று பாடினான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

11.40. மெத்தெலூஸ் தொண்டை காய்ந்துபோய் மாமர நிழலில் சாய்ந்தான். பாட்டு நின்றது.

11.52. மத்தளமும் நின்றது. ஒரு மாதமாக மழை இல்லை. ஆனால் வெட்டிய இடமெல்லாம் ஈரம்... வெட்டிவேர் வாசனையே இல்லை. சேற்று வாடை குப்பென்று அடித்தது.

12.00. பாட்டு மறுபடி தொடங்கியது. மெத்தெலூஸ் நிழலில்தான் கிடந்தான். அவன் வாய் மூடியிருந்தது.

"மேல்மேட்டத் தோண்டினவன் நாத்து நடலையே..."

"நடலையே!" மற்ற எல்லோரும் பின்பாட்டு.

போன மழைக்கு முன்னால் மேல்மேட்டைத் தோண்டியது நான். அவசரத்தில் நாற்று நடாமல் விட்டேன். அதனால்தான் வேர்ப்பிடிப்பு இல்லாமல் மண் கீழே அண்ணன் குடிசைமேல் சரிந்தது. நட்டதை மழை அடித்துப் போனது என்று ஊரை நம்பவைத்திருந்தேன்.

"மண்ணுக்கடியில கூப்பிட்டேன், தம்பி காதுல விழுந்ததே..."

"விழுந்ததே!"

ஓடிலோன் குரல். அதே கட்டைக் குரல்...

ஆமாம், விழுந்தது. நிலத்தாசை கண்ணை மறைத்தது. திரும்பி நடந்துவிட்டேன்.

"எவன்டா பாடுறது? நிறுத்துங்கடா!"

யாரும் நிமிரவில்லை.

குரல் நெருங்கியது.

காதுக்குப் பக்கத்தில்...

அதைவிடப் பக்கத்தில்...

12.20. மண்வெட்டிகள் கீழே கிடந்தன. எல்லோரும் என்னையே வெறித்தார்கள். செலிமேன் மூச்சிரைக்க ஏறி வந்து நின்றிருந்தாள். என் தொண்டை ரணமாக எரிந்தது.

"பாடினது யாரு?"

"நீதான்" என்றான் மெத்தெலூஸ். "வாயி உன்னுது. குரலு ஓடிலோனுது."

ஆள்மேல் ஆவி இறங்குவது எங்களுக்குப் புதிதில்லை. இறங்கினவனுக்கு எதுவும் நினைவிருக்காது என்பார்கள். எனக்குப் பாதி நினைவிருந்தது, பாவி!

என் சாப்பாட்டை ஒருவனும் தொடவில்லை. "தூ" என்று துப்பிவிட்டு, செலிமேன் பேரில் நாற்று நட்டுவிட்டுத்தான் இறங்கினார்கள். மேடு போயிற்று.

எட்டு நாள் கழித்து, எனக்கு நினைவில்லாத மீதிப் பாட்டை மெத்தெலூஸ் சொன்னான். மூன்று நாள் உயிரோடு இருந்தேன், மண்ணைப் பிராண்டிப் பத்து நகமும் போச்சு என்று பாடினேனாம். பொய்யென்று கத்தினேன். உடனே செத்திருப்பான் என்று நினைத்துத்தானே இத்தனை நாள் தூங்கினேன்? செலிமேன் வாசலில் போய் நின்றேன்.

"குளிப்பாட்டினது நான் ஒருத்திதான்" என்றாள். "கையில துணியச் சுத்திதான் பெட்டியில வெச்சேன். ஒரு விரல்லயும் நகம் இல்ல. யார்கிட்டயும் நான் மூச்சு விடல."

கதவைப் படாரென்று சாத்தினாள்.

மண் சரிந்தது செவ்வாய்க்கிழமை. அவள் சந்தைக்குப் போய், ஆற்று வெள்ளத்தில் அக்கரையில் மாட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை அவள் வந்த பிறகுதான் தோண்டினார்கள். அதுவரை ஓடிலோன் எங்கே என்று கேட்டவர்களிடமெல்லாம், பெண்டாட்டியோடு சந்தைக்குப் போயிருக்கிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.