நான் திருப்பியடிக்காத விசில்

என் நண்பனை எனக்குத் தெரியாது என்று ஓர் அதிகாரியிடம் சொன்னேன். அவர் சிங்களத்தில் கேட்டார், நானும் சிங்களத்தில் பதில் சொன்னேன். யாரும் என்னை அடிக்கவில்லை. துவக்கு என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அந்தப் பதிலால் அவன் போர் முடியும்வரை அடைபட்டுக் கிடந்தான். இதை முதலில் வைத்துவிட வேண்டும். வைக்காமல் அந்தக் காலத்துப் பாட்டுகளைப் பற்றிப் பேச எனக்கு வாயில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் எழுதுவினைஞராக இருந்தேன். ஆசிரியனானது பிறகுதான். ஆலை விடுதியில் என்னோடு ஒரே அறையில் அவன் இருந்தான். வாகரைப் பக்கத்து மீனவக் குடும்பம், வைக்கோலைக் கூழாக அவிக்கும் பகுதியில் வேலை. வந்தால் அறை முழுக்க அந்தப் புளித்த மணம் வரும். எங்களைச் சேர்த்து வைத்தது வானொலி. தமிழில் பொப் பாட்டுகள் புதிதாகக் கிளம்பிய காலம் அது. கிற்றாரும் கொங்கோவும் சேர்ந்து ஓடுகிற பாட்டுகள். பெரியவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். நாங்கள் தபாலட்டை வாங்கி விருப்பம் எழுதிப் போட்டோம். வாராவாரம் நேயர்களின் அட்டைகளை எண்ணி, அந்தக் கிழமை எந்தப் பாட்டு முதலாவது என்று வானொலியில் சொல்லும் நேரத்தில் விடுதியில் ஒருவரும் குளிக்கப் போக மாட்டார்கள்.

எங்களோடு மூன்றாவதாக ஒருவன். ஓட்டமாவடியில் றேடியோ திருத்தும் கடை வைத்திருந்தான். இசைத்தட்டுப் பெட்டி அவனிடம் மட்டும்தான் இருந்தது, ஆகவே கொஞ்சம் திமிரும் இருந்தது.

ஒரு பாட்டு மட்டும் முதலாம் இடத்தை விட்டு இறங்கவே மறுத்தது. அதே மெட்டில் சிங்களத்திலும் ஒரு பாட்டு ஓடியது. ஆலையில் சிங்கள வேலையாட்கள் அவர்களுடைய சொல்லில் பாட, நாங்கள் எங்கள் சொல்லில் பாடுவோம். அந்தப் பாட்டிலிருந்துதான் எங்கள் வழக்கம் பிறந்தது. ஒருவன் முதல் வரியை விசிலில் அடித்தால், கேட்கிறவன் எங்கே நின்றாலும் இரண்டாம் வரியை அடிக்க வேண்டும். ஆற்றுக்கு அந்தக் கரையில் நின்றாலும் சரி, மேலதிகாரிக்கு முன்னால் நின்றாலும் சரி. அடிக்காதவன் ரசிகன் இல்லை, அடுத்த தேத்தண்ணி அவன் கணக்கு. இரண்டாம் வரியில் ஒரு சறுக்கல் உண்டு. மேலே ஏறிவிட்டு விழுந்தாற்போல் கீழே வர வேண்டும். எனக்கு அது என்றைக்கும் சரியாக வந்ததில்லை. "என்ன மச்சான், படியில விழுந்த கிழவி மாதிரி அடிக்கிறாய்," என்று சொல்லி அவன் அதைத் திருத்தி அடித்துக் காட்டுவான்.

ஆலை தேய்ந்தது. அவன் கல்குடாவில் கல்யாணம் முடித்துக் கடலுக்குப் போகத் தொடங்கினான். நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, மறுநாள் அவன் வீட்டில் கூடுவது மட்டும் விட்டுப்போகவில்லை. கொசெற்றும் பிளேயரும் கொண்டு போவோம். பேச்செல்லாம் எந்தக் கிழமை எது முதலாவது என்பதுதான்.

சுனாமி வந்த காலையும் அதற்குத்தான் போயிருந்தேன். கடைக்காரன் இன்னும் வந்து சேரவில்லை. நானும் நண்பனும் முற்றத்தில் பாயில் இருந்தோம். அவன் மனைவி குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பாட்டு ஒரு கிழமை இரண்டாவதுக்கு இறங்கினது," என்றேன்.

"ஒரு நாளும் இல்ல. நீ அந்தக் கிழமை காய்ச்சலில கிடந்தாய். உனக்கு என்ன தெரியும்?"

"காய்ச்சலெண்டா காதும் கேக்காதா?"

குசினிக்குள்ளிருந்து அவள் சிரித்தாள். "ரெண்டு பேருக்கும் பேரப்பிள்ளை வயசு. பாட்டுக்குச் சண்டை."

பிளேயரில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தபடியால் கடலின் சத்தம் முதலில் எங்களுக்குக் கேட்கவில்லை. சனங்கள் ஓடுவதைக் கண்டுதான் எழும்பினோம். அதற்குப் பிறகு தண்ணீர். கறுத்த, சேறு கலந்த, பலகையும் ஓலையும் சுமந்த தண்ணீர். அது என்னைத் தூக்கிக்கொண்டுபோய் ஒரு மரமுந்திரிகை மரத்தில் மாட்டியது. கிளையைக் கட்டிப்பிடித்தபடி கத்தினேன், தொண்டையில் சத்தம் இல்லை. வாயெல்லாம் மண். இரண்டாம் முறை தண்ணீர் ஏறிவரும் இரைச்சல் கேட்டது. அப்போது என் உதடு தானாகக் குவிந்தது. பாதி விசில், பாதி காற்று. முதல் வரி.

எங்கேயோ இருந்து இரண்டாம் வரி வந்தது. சறுக்கல் சரியாக விழுந்தது.

இடுப்பளவு தண்ணீரில் அவன் வந்தான். நெற்றியில் இரத்தம். "இறங்கு, நான் பிடிக்கிறன்," என்றான். என்னை இழுத்துக்கொண்டுபோய் மேட்டில் விட்டுவிட்டு மனைவியைத் தேடித் திரும்பி ஓடினான். பின்னேரம் தாழம்பற்றைக்குள் அவளைக் கண்டெடுத்தோம். என் விசிலுக்கு வராமல் நேரே அவளிடம் போயிருந்தால் என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை. நான் எனக்குள் சொல்லாத நாளில்லை.

அவனுக்குக் கடற்கரையில் இருக்கப் பிடிக்கவில்லை. அடையாள அட்டையும் அலையோடு போய்விட்டது. ஒரு தற்காலிகத் துண்டை வைத்துக்கொண்டு வாகரைப் பக்கம் தாய்வீட்டுக்குப் போனான்.

நான் பயந்தவனாகத் திரும்பினேன். மழை பெய்து வாய்க்கால் இரைந்தால்கூட எழும்பி நிற்பேன். கடலின் பயம் அடங்குவதற்குள் போர் திரும்பவும் தொடங்கியது. பொழுது சாய்ந்தால் கதவு பூட்டு. தெருவில் மோட்டார் சைக்கிள் மெதுவாக்கினால் வீட்டில் மூச்சு நிற்கும். என்னிடம் படித்த ஒருவனை, நம்பர் இல்லாத வாகனத்தில், சந்தியில் வைத்து ஏற்றினார்கள். கண்ட எல்லோரும் காணாதவர்களானோம். விசில் அடித்த பிள்ளைகளுக்குத் தாய்மார் வாயில் போட்டார்கள். விசில் என்றால் சைகை. யாருக்கு யார் காட்டும் சைகை என்று கேட்க நேரம் இருக்காது.

வாகரையில் செல் குண்டு விழத் தொடங்கியதும் சனங்கள் காட்டுவழியாக நடந்து எங்கள் பக்கம் வந்தார்கள். ஒரு பாடசாலையில் அவர்களை இருத்தினார்கள். ஒருநாள் காலை சீருடைக்காரர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். சிங்களம் தெரிந்த ஆசிரியர் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், மொழிபெயர்க்க வேண்டுமாம். சாரத்தை மாற்றி நீளக் காற்சட்டை போடும்போது என்னால் பொத்தானைப் பூட்ட முடியவில்லை. மனைவிதான் பூட்டிவிட்டாள்.

பாடசாலை மைதானத்தில் ஆண்களை வரிசையாகக் குந்தவைத்திருந்தார்கள். தலை நிமிரக் கூடாது, பேசக் கூடாது. அடையாள அட்டை இல்லாதவர்கள் இடப்பக்கம். நான் அதிகாரிக்குப் பக்கத்தில் நின்று அவர் கேட்டதைத் தமிழில் கேட்டேன், வந்த பதிலைச் சிங்களத்தில் சொன்னேன். எந்த ஊர், என்ன தொழில், யாருக்கு உங்களைத் தெரியும். இடப்பக்கத்து வரிசையில் அவன் இருந்ததை நான் காணவில்லை. தாடி வளர்ந்து மெலிந்திருந்தான்.

அப்போது விசில் கேட்டது. மிக மெதுவாக, பல்லுக்கு இடையால். முதல் வரி.

அவன் செய்த பிழை அதுதான். எங்கள் மூன்று பேரைத் தவிர வேறு யாரும் அந்த இடத்தில் அந்தப் பிழையைச் செய்திருக்க மாட்டார்கள். பேசக் கூடாது என்றிருந்தார்கள். தான் அங்கே இருப்பதை எனக்குச் சொல்ல அவனுக்கு வேறு வழி தெரியவில்லை.

மைதானம் முழுக்கத் துவக்குகள் அசைந்தன. அவனைப் பிடரியில் பிடித்து எழுப்பினார்கள். அதிகாரி என்னிடம் திரும்பினார். "இது என்ன சைகை? இவனை உமக்குத் தெரியுமா?"

அவன் என்னைப் பார்த்தான். பயம் இருந்தது, ஆனாலும் கொஞ்சம் நிம்மதியும் அந்தக் கண்ணில் இருந்தது. அதை நான் கண்டேன்.

ஒரு வசனம் போதும். இது ஒரு பழைய பொப் பாட்டு சேர், சிங்களத்திலும் இருக்கிறது, உங்கள் தகப்பனாரைக் கேட்டால் பாடிக்காட்டுவார். இவன் என் சிநேகிதன், ஆலையில் வேலை செய்தவன். எல்லாச் சொல்லும் என் நாக்கில் சிங்களத்திலேயே இருந்தது.

"தெரியாது," என்றேன். இரண்டு கேள்விக்கும் அதுவே பதில்.

வீட்டில் வளர்ந்த மகன் இருந்தான், அவனை நினைத்துத்தான் சொன்னேன் என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மற்றப் பாதி, என் உடம்பை நினைத்துத்தான் சொன்னேன். லொறியில் ஏற்றும்போது அவன் இன்னொரு தடவை விசிலடித்தான். எஞ்சின் இரைந்துகொண்டிருந்தது. நான் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினேன். அது அவிழ்ந்திருக்கவில்லை.

உண்மையைச் சொல்ல வேண்டும் என்று பல தடவை வெளிக்கிட்டேன். பஸ் தரிப்பிடம்வரை போவேன். அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது என்று நினைப்பேன். திரும்பிவிடுவேன். ஓட்டமாவடிக் கடைக்காரன், "சேர், அவன்ர செய்தி ஏதும்?" என்று கேட்கும்போதெல்லாம் இல்லை என்றேன்.

போர் முடிந்தது. வெடி கொளுத்திய சத்தத்துக்கும் கட்டிலுக்குக் கீழே போகப் பார்த்தேன். சில கிழமைகள் கழித்துத்தான் ஓட்டமாவடியில் பஸ் ஏறி, பொலன்னறுவைப் பக்கத்தில் அவனை அடைத்து வைத்திருந்த முகாமுக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் ஓர் இளைஞன் இருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் ஏதோ தாள்களைப் புரட்டிவிட்டு, "இவரை விடத்தான் போகிறோம். நீங்கள் வந்திருக்கவே தேவையில்லை," என்றான். மரியாதையாகத்தான் சொன்னான்.

விட்டதும் நண்பனைக் கூட்டிவந்து என் வீட்டின் முன் அறையில் இருத்தினேன். வலை வாங்கிக் கொடுத்தேன். அவன் பழையபடி பேசினான், சாப்பிட்டான். இடது காது மட்டும் சரியாகக் கேட்காது. ஒருநாள் தானாகவே சொன்னான்: "அண்டைக்கு லொறிச் சத்தத்தில உனக்கு விசில் கேட்டிருக்காது மச்சான். முதல் அடிச்சதும் மெதுவாத்தானே. தாடியோட என்னை எப்பிடி அடையாளம் தெரியும்?"

அதை அப்படியே விட்டிருக்கலாம். ஒரு ஓம் போட்டிருந்தால் முடிந்திருக்கும். என்னால் முடியவில்லை.

அந்த வருடம் நத்தாருக்கு மறுநாள், ஓட்டமாவடிக் கடையின் பின்னறையில் மூன்று பேரும் கூடினோம். கடைக்காரன் பழைய கொசெற்றைப் போட்டு, "இப்பவாவது ஒத்துக்கொள்ளுங்க சேர், அது இரண்டாவதுக்கு இறங்கவே இல்ல," என்றான். நான் பிளேயரை நிறுத்தினேன். எனக்கு விசில் இரண்டு தடவையும் கேட்டது என்றேன். ஆளையும் தெரிந்தது என்றேன்.

கடைக்காரன், "யா அல்லாஹ்," என்றுவிட்டுத் திருப்புளியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். நண்பன் கொசெற்றை வெளியே எடுத்து மேசையில் வைத்தான்.

"உனக்குக் கேக்கல்ல எண்டு நினைச்சித்தான் நான் உள்ளுக்க இருந்தன்," என்றான். "அதப் பிடிச்சித்தான் இருந்தன்."

அவனிடம் மிஞ்சியிருந்ததையும் என் ஒப்புக்கொள்ளல் எடுத்துக்கொண்டது என்று அப்போதுதான் விளங்கியது. மறுநாள் அவன் வலையைத் தூக்கிக்கொண்டு கல்குடாவில் ஓர் ஓலைக் கொட்டிலில் இருக்கப் போனான். எனக்குப் பழைய பயமெல்லாம் போய் ஒரே பயம் மிஞ்சியது, அவன் இனி என்னோடு பேசமாட்டானோ என்று.

நான் போவதை விடவில்லை. கொட்டிலுக்குப் போகும் ஒழுங்கை முனையில் நின்று, வருவது யார் என்று தெரிய, முதல் வரியை அடிப்பேன். பதில் வராது. அவனுடைய நாய் வரும். உள்ளே போனால் தேத்தண்ணி தருவான். பாட்டுகளைப் பற்றியும் கொஞ்சம் பேசுவோம், எது எத்தனையாவது என்று. முகாமைப் பற்றிப் பேசமாட்டோம்.

போன தடவை கேட்டுவிட்டேன். "இனி ஒருநாளும் திருப்பி அடிக்கமாட்டியா?"

அவன் கிழிந்த வலையின் கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. "அது நான் அடிக்க வேண்டினதில்லையே மச்சான்," என்றான். "அண்டைக்கு விட்ட மிச்சம் உன்னட்டத்தானே கிடக்கு. அடி."

கடற்காற்று வந்துகொண்டிருந்தது. உதட்டை நனைத்துக்கொண்டு இரண்டாம் வரியை அடித்தேன். சறுக்கல் வரும் இடத்தில் எப்போதும்போல் தவறி விழுந்தேன். அவன் கேட்கும் காதை என் பக்கம் திருப்பி, கடைசிவரை கேட்டான். திருத்தவில்லை.