வேப்பமரத்தில் கட்டிய கிடாய்

1. பங்களாச் சமையல்

பங்களா என்றால் மாடியும் தோட்டமுமாக யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் கோயில் பங்கில் சாமியார் தங்கியிருக்கும் ஓட்டு வீட்டுக்குத்தான் அந்தப் பெரிய பெயர். புதுச்சத்திரத்தில் ஹைவேயை விட்டு உள்ளே திரும்பி, கோழிப்பண்ணை வாடை எங்கே நின்று சாம்பிராணி வாடை ஆரம்பிக்கிறதோ அங்கே இருக்கிறது எங்கள் அந்தோணியார் கோயில். அதன் பக்கத்து அடுப்படியில் அடுத்தடுத்து வந்த நான்கு சாமியார்களுக்குப் பொங்கிப் போட்டுவிட்டு, முழங்கால் ஒத்துழைக்காததால் வேலையை விட்டு நின்றுகொண்டேன். கோயில் பத்திரிகையான பங்கு மலருக்கு என் வேலையைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். சமையல் குறிப்பு கிடைக்கும் என்று நினைத்திருப்பார்கள் போல. அதற்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று இருந்தவர் வயதான ஃபாதர். அடுப்படி வாசலில் நின்று ஒரே ஒரு விஷயம் சொன்னார். "மேரி, மத்த நாள்ல எனக்கு மட்டும் பொங்கினாப் போதும். ஞாயித்துக்கிழமை பெரிய பாத்திரத்தை எடுத்துடு."

அதன் அர்த்தம் அந்த வார ஞாயிற்றுக்கிழமையே தெரிந்தது. எட்டு மணிப் பூசைக்கு ஆறரைக்கே முதல் மணி அடித்துவிடுவார்கள். இரண்டாம் மணிக்குப் பெண்கள் பூ வைத்துக்கொண்டு கிளம்புவார்கள். மூன்றாம் மணிக்குத்தான் ஆண்கள் சட்டையைத் தேடுவார்கள். லாரிக்குப் போனவன், போர் போடும் ரிக் வண்டிக்குப் போனவன் என்று வாரமெல்லாம் வெளியில் கிடந்தவர்கள் பிரசங்கம் பாதியில் வந்து, பின்வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஆரம்பத்திலிருந்தே இருந்ததுபோல் நிற்பார்கள். பூசை முடிந்தால் எல்லாருக்கும் என் காபி. காபியைவிட முக்கியமானது அதற்குப் பிறகு நடக்கும் ஏலம்.

2. மரத்தடி

வெளியூர்க்காரர்களுக்காக ஏலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காய்த்த முதல் பூசணி, தோண்டிய முதல் குச்சிக்கிழங்கு, நேர்ந்துகொண்ட சேவல் என்று அவரவர் கொண்டுவரும் காணிக்கையைப் பூசைக்குப் பிறகு கோயில் முற்றத்தில் ஏலம் விடுவோம். பொருளானால் பீடத்துப் படியில் வைக்க வேண்டும். உயிரானால் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் வேப்பமரத்தில் கட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அந்த மரத்தில் கட்டியிருப்பது அந்தோணியாருடையது. இதை யாரும் சொல்லித் தருவதில்லை, எங்கும் எழுதிப் போடவுமில்லை. ஊரில் இந்துக்கள், கிறிஸ்தவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

ஏலம் விடுபவர் அருளப்பன் உபதேசியார். ஜெபம் சொல்லிக்கொடுப்பது, நோயாளிகளைப் பார்ப்பது, மணி அடிப்பது என்று கோயிலில் பாதி வேலை அவருடையது. ஜெபம் சொல்லும்போது பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காத குரல், ஏலத்தில் மட்டும் ஹைவே வரைக்கும் போகும்.

ஏலம் கேட்பதில் கோழிப்பண்ணை சூசைக்கும் அவர் மச்சான் தாமசுக்கும் நடக்கும் போட்டி எங்களுக்கெல்லாம் வாராந்தர வேடிக்கை. சூசை ஒரு தேங்காய் கேட்டால், வீட்டில் தேங்காய் குவிந்து கிடந்தாலும் தாமசு ஏற்றிக் கேட்பார். அவருக்கு வாயை அடக்கத் தெரியாது. ஒருமுறை தன் மனைவி கொண்டுவந்த முட்டைகளைத் தானே ஏலம் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனவர் அவர்.

இப்போது இருக்கும் இளம் ஃபாதர் வந்த வருஷம், சூசையின் மகளுக்குப் புதுநன்மை. முதல்முறையாக நற்கருணை வாங்கும் பிள்ளைகள் வெள்ளை உடையில், தலையில் பூ வளையத்தோடு வரிசையாக வந்த ஞாயிறு அது. மரத்தடியில் கருப்பாக, மினுமினுவென்று ஒரு கிடாய் நின்றது. யார் கட்டியது என்று உபதேசியார் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பெயர் சொல்லாமல் காணிக்கை கட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு என்பதால் அவரும் விட்டுவிட்டார். தாமசு விடாமல் ஏற்ற, சூசை விடாமல் கேட்க, கடைசியில் கிடாய் சூசைக்குப் போனது.

"என்ற புள்ளைக்கு அந்தோணியாரே விருந்து அனுப்பிச்சுட்டாருங்க ஃபாதர்" என்று அவர் கண் கலங்கினார். கிடாயை மொபெட்டில் தூக்கி வைத்துக்கொண்டு பண்ணைக்குப் போனார். மத்தியான விருந்துக்கு மசாலா அரைத்துக் கொடுக்க என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

3. ஒரு கிடாய், இரண்டு வேண்டுதல்

நான் இஞ்சி தோலைச் சீவிக்கொண்டிருந்தேன். கறி வெட்டும் பாய் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். பண்ணை கேட்டைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் செருப்பில்லாமல் ஓடி வந்தாள். கோயிலுக்கு அடுத்த வீட்டுப் பாவாயியின் மருமகள் கௌசல்யா. ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கிடாயைப் பார்த்ததும் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

விஷயம் இதுதான். அவள் கணவன் மணிவேல் ரிக் வண்டியில் வேலை பார்ப்பவன். வடக்கே எங்கோ போர் போடும்போது பைப் நழுவிக் காலில் விழுந்துவிட்டது. காலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர்கள் சொல்லியிருக்கிறார்கள். கால் தப்பினால் கிடாய் தருவதாகப் பாவாயி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். கால் தப்பியது. திரும்ப வண்டிக்கும் போய்விட்டான். அடுத்த வார மாரியம்மன் திருவிழாவுக்கு, அதாவது நோம்பிக்கு, வருகிறான். நோம்பிக்குக் காப்புக் கட்டும் வரை கிடாய்க்கு மஞ்சளும் கிடையாது, மாலையும் கிடையாது. பார்த்தால் சந்தைக் கிடாய்தான்.

பாவாயி ராசிபுரத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். காலையில் வெயில் ஏறியதும், கிடாய் பாவம் என்று இந்தப் பெண் நிழல் பார்த்துக் கட்டியிருக்கிறாள். நிழல் நன்றாக இருந்தது வேப்பமரத்தடியில். கட்டிவிட்டுத் துணி துவைக்கப் போனவளுக்கு, திரும்பி வந்து கிடாயைக் காணாமல் விசாரித்தபோதுதான் ஏலம் போனது தெரிந்திருக்கிறது.

"தெரியாம கட்டிட்டேங்க. எங்க வீட்டுக்காரருக்கு நேர்ந்த ஆடுங்க. அவரு இன்னும் வண்டியிலதான் இருக்காரு. இது போச்சுன்னா..."

சீவிய இஞ்சியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன். "சூசை, ஆட்டை அவுத்து உடு."

சூசை முகம் செத்துப்போய் நின்றார். "அக்கா, நீங்களே இப்படிச் சொல்லலாமுங்களா? கோயில்ல ஏலம் எடுத்ததுங்க. என்ற புள்ள புதுநன்மைக்குன்னு அந்தோணியார் முன்னால கேட்டு எடுத்ததுங்க. அதைத் திருப்பிக் குடுத்தா புள்ளைக்கு ஆவுங்களா?"

"அந்தப் புள்ள புருசனுக்கு மட்டும் ஆவுமா?"

"நான் என்னங்க பண்றது?"

அவர் கஞ்சத்தனத்தில் பேசவில்லை. அதுதான் சங்கடம். அவளுக்குக் கணவன்மேல் பயம், அவருக்கு மகள்மேல் பயம். பாய் மட்டும் நிம்மதியாகக் கத்தியைத் துணியில் சுற்றி வைத்துவிட்டார். "நீங்க முடிவு பண்ணிட்டு வாங்க. நான் கை வைக்க மாட்டேன்" என்று வேப்பங்குச்சியை ஒடித்துப் பல் குத்த ஆரம்பித்தார்.

ஃபாதருக்கு ஆள் அனுப்பினோம். உபதேசியாரும் கூட வந்தார். எல்லாம் கேட்டுவிட்டு ஃபாதர் கௌசல்யாவிடம் சொன்னார்: "அம்மா, இதைவிடப் பெரிய ஆடா நான் வாங்கித் தரேன்."

அவள் தலையாட்டினாள். "நேர்ந்தது இதுதானுங்க சாமி."

ஃபாதர் சூசையைப் பார்த்தார். சூசை தரையைப் பார்த்தார். அவர் மகள் வெள்ளை கவுனோடு வந்து கிடாய்க்கு ஒரு முருங்கைக் கொத்தை நீட்டினாள். இத்தனை பேர் அதற்காக முட்டிக்கொள்வது தெரியாமல் அது நிதானமாகத் தின்றது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

உபதேசியார் தொண்டையைக் கனைத்தார். "ஃபாதர், பெரிய திருவிழாவுல ஏலம் எடுத்தவங்க சந்தோசமா அதைக் கோயிலுக்கே திருப்பிக் குடுப்பாங்க. நாம மறு ஏலம் உடுவோம். அது காணிக்கை மேல காணிக்கை. அதுல குத்தமில்லீங்க."

சூசை நிமிர்ந்தார். "அப்படிக் குடுத்தா புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுங்களா?"

"புண்ணியந்தான் சூசை. நான் வந்து ஜெபிக்கிறேன்" என்றார் ஃபாதர்.

"அப்ப விருந்துக்கு?" என்று சூசையின் மனைவி கேட்டாள்.

"ஆயிரக்கணக்குல முட்டை வெச்சிருக்கற ஊட்டுல என்ன கேள்வி?" என்றேன்.

சூசை நெளிந்தார். "முட்டைக்காரன் ஊட்டு விருந்துல முட்டையாங்க்கா? பெரியவ ஊட்டுச் சம்பந்திக வந்திருக்காங்க."

"நான் வெக்கற முட்டைக் குழம்பைத் தின்னுட்டு அவங்களே சொல்லட்டும்." எனக்கு அப்போது கோபமே வந்துவிட்டது. என் குழம்பைப் பற்றி யாரும் அப்படிப் பேச விடமாட்டேன்.

4. மறு ஏலம்

பூசை முடிந்து எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்திருந்தார்கள். உபதேசியார் மணியடித்தார். எங்கள் ஊரில் வேளை கெட்ட வேளையில் மணி அடித்தால் ஒரே அர்த்தம்தான். அடுப்பை அணைத்துவிட்டு, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஊர் முழுக்க ஓடி வந்தது. "யாருங்க? யாரு போயிட்டாங்க?" என்று கேட்டுக்கொண்டு வந்தவர்கள், முற்றத்தின் நடுவில் கிடாய் நிற்பதைப் பார்த்துத் திகைத்துப்போனார்கள். எந்நேரமும் சாகக் கிடப்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு பெரியவர் மட்டும், தன்னைப் பற்றி விசாரித்தவர்களையெல்லாம் திட்டிக்கொண்டிருந்தார்.

உபதேசியார் சுருக்கமாகச் சொன்னார். "இது பாவாயி ஊட்டுக் கெடா. மணிவேலுக்கு நேர்ந்தது. இந்தப் புள்ள தெரியாம நம்ம மரத்துல கட்டிப்போட்டா. நாமளும் தெரியாம ஏலம் உட்டுட்டோம். சூசை கோயிலுக்கே திருப்பிக் குடுத்துட்டாரு. ஏலம்னா ஏலந்தான். கேக்கறவங்க கேக்கலாம்."

கௌசல்யா முந்தானை முடிச்சைப் பிரித்தாள். அதில் இருந்தது ஒரு நாணயம்தான். "பத்து ரூபாங்க" என்றாள். குரல் வெளியே வரவில்லை. உபதேசியார்தான் சத்தமாகச் சொன்னார்.

"பத்து ரூபா ஒரு தரம்!"

அந்த முற்றத்தில் அவ்வளவு அமைதியை நான் பூசையில்கூடப் பார்த்ததில்லை. நடுப்பூசையில், நற்கருணையை உயர்த்தும் நேரத்திலேயே பின்னால் யாராவது செல்போனில் லோடு ஏற்றிக்கொண்டிருப்பார்கள். அன்று குழந்தைகள்கூட மூச்சு விடவில்லை.

"பத்து ரூபா ரெண்டு தரம்!"

எல்லார் கண்ணும் தாமசு மேல். காலையில் தோற்றுப்போன மனிதர். நெற்றி வியர்த்திருந்தது. உதடு அசைந்தது. கை கொஞ்சம் மேலே வந்தது. அவர் மனைவி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். சூசை கண்ணை மூடிக்கொண்டார். நான் அந்தோணியாரைக் கூப்பிட்டேன்.

தாமசு வாயைத் திறந்தேவிட்டார். "உபதேசியாரே!"

கௌசல்யா கிடாயின் கயிற்றை இறுக்கிப் பிடித்தாள்.

"மூணாந்தரத்தைச் சீக்கிரம் சொல்லித் தொலைங்க. என்னால வாயைக் கட்டிக்கிட்டு நிக்க முடியலீங்க!"

முற்றம் வெடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பில் உபதேசியார் சொன்ன மூன்றாம் தரம் யார் காதிலும் விழவில்லை. பத்து ரூபாய் நாணயத்தை ஃபாதரே இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தன் கிடாயைத் தானே ஏலம் எடுத்த அந்தப் பெண் அழுதுகொண்டே சிரித்தாள். நானும்தான்.

முட்டைக் குழம்பை என்ன சொன்னார்கள் என்று கேட்கிறீர்களா? சம்பந்தி இரண்டாம் முறை சோறு வாங்கினார். அது போதும்.

5. தெரிந்து கட்டியது

மணிவேல் நல்லபடியாக வந்து சேர்ந்தான். கொஞ்சம் நொண்டுகிறான், அவ்வளவுதான். நோம்பி அன்று கிடாய் மாலையோடு எங்கள் கோயில் வாசல் வழியாகத்தான் போனது. கோயில் கேட்டருகே மேளத்தை ஒரு நிமிடம் நிறுத்தினார்கள். ஃபாதர் வெளியே வந்து மணிவேலின் தோளைத் தொட்டார்.

அடுத்த ஞாயிறு காபிப் பாத்திரத்தோடு பின்வாசலுக்கு வந்தேன். வேப்பமரத்தில் ஒரு பெட்டைக்கோழி கட்டியிருந்தது. பக்கத்திலேயே பாவாயி இடுப்பில் கை வைத்துக்கொண்டு காவல் நின்றாள். அந்தத் தெருவே பயப்படும் பொம்பளை. மருமகளை என்ன பாடு படுத்தினாளோ என்று அந்த வாரமெல்லாம் எனக்குக் கவலை. அந்த மருமகள் இப்போது அவள் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பாவாயி, இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. மரத்துல கோழி கட்டியிருக்குது, பாத்தியா?"

"ஏனுங்க்கா, எனக்குக் கண்ணு தெரியாதுங்களா?" என்றாள் அவள். "அன்னைக்கு இவ தெரியாம கட்டினா. இன்னைக்கு நான் தெரிஞ்சேதான் கட்டியிருக்கறனுங்க."

கோழியைத் தாமசு எடுத்தார். அன்று அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்து, எதிர்த்துக் கேட்க ஆளில்லாமல் போன பிறகும் தன் விலையின்மேல் தானே இரண்டுமுறை ஏற்றிக் கேட்டார்.

இத்தனை வருஷ வேலையில் நான் கற்றதைச் சொல்ல வேண்டுமாம். ஜெபம் எப்படிச் சொல்வதென்று ஃபாதர்மார் சொல்லித்தருவார்கள். எப்போது வாயை மூடிக்கொள்வது என்பதை எனக்குக் கற்றுத்தந்தவர் தாமசு.